டென்மார்க் வரவில்லை, சம்பந்தி வந்தார்

அன்புக் கயலுக்கு,

கல்யாணமான மூன்றாம் நாளே மகளை ஒரு விமானத்திலும் மாப்பிள்ளையை இன்னொரு விமானத்திலும் ஏற்றிவிட்டு வந்த அம்மா டெக்ஸாஸின் இந்த ரவுண்ட் ராக் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வாசலில் கட்டிய வாழைமரங்களை அவிழ்க்க மனமில்லாமல் உன் அப்பா அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். வெட்டிக் கட்டிய மரத்துக்குத் தண்ணீர் எதற்கு என்று கேட்டால், இருக்கட்டுமே என்கிறார். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. உடம்பெல்லாம் வலி, தொண்டை கட்டிவிட்டது, ஆனாலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. யாரைப் பார்த்தாலும் உன் கல்யாணக் கதையை முதலிலிருந்து சொல்லத் தோன்றுகிறது. தபால் கொண்டுவந்தவரிடம்கூடச் சொல்லிவிட்டேன். இனி உன்னிடமே சொல்வோம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. உன் சேகர் மாமாவும் படிக்கட்டும். மாப்பிள்ளைக்கும் அவர் அப்பா அம்மாவுக்கும் நீயே படித்துப் பொருள் சொல்.

நீ ஃபோன் பண்ணிய அன்று நான் இந்தியக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "அம்மா, வெட்டிங் டிசம்பர்ல வேண்டாம். மூணு வாரத்துல பண்ணிடலாமா?" என்றாய். பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்காமல், "ஏங் கண்ணு, ஏதாச்சும் விசேஷமா?" என்று மெதுவாகக் கேட்டேன். "ஐயோ அம்மா! அது இல்ல! லீவ் கேன்சல் ஆயிடும் போல இருக்கு!" என்று நீ கத்திய கத்தலில் கடைக்காரரே திரும்பிப் பார்த்தார்.

அப்புறம் எனக்குப் புரிகிறமாதிரி விஷயத்தைச் சொன்னாய். அமெரிக்கா போருக்குப் போகலாம் என்கிறது. கூட்டணி நாடுகளில் சில சரி என்கின்றன, சில இன்னும் அவகாசம் கேட்கின்றன, சில வேண்டவே வேண்டாம் என்கின்றன. எந்த நாட்டின்மேல் என்பது செய்தி பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். சீருடை போட்ட பெண்ணின் அம்மா அதை எழுத்தில் வைக்க வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன். நீயும் மாப்பிள்ளை மாட்ஸும் இரண்டு வருஷமாக ஐரோப்பாவில் கூட்டணிப் படைகளின் ஒரே தலைமையகத்தில் வேலை பார்த்தவர்கள். நீ அமெரிக்கப் படைக்கு எரிபொருளும் சாப்பாடும் எத்தனை கப்பலில் போகவேண்டும் என்று கணக்குப் போடுகிற கேப்டன். அவர் எங்கள் துறைமுகத்தில் இத்தனைதான் இறக்க முடியும் என்று சொல்கிற டென்மார்க் கேப்டன். எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து, முடியும், முடியாது என்று சண்டை போட்டே காதலித்தீர்கள். இப்போது நாடுகளுக்குள்ளேயே சண்டை வந்து, அவரைக் கோபன்ஹேகனுக்கும் உன்னை அமெரிக்காவிலேயே உன் முகாமுக்கும் திருப்பிக் கூப்பிட்டுவிட்டார்கள். போர் என்று முடிவாகிவிட்டால் லீவும் கிடையாது, கல்யாணமும் கிடையாது.

அந்த மூன்று வாரம்! என் வாழ்க்கையில் அப்படி ஓடியதே இல்லை. கோயில் மண்டபத்தில் யாருக்கோ அரங்கேற்றம். கடைசியில் நம் குடியிருப்பின் கிளப்ஹவுஸ்தான் கிடைத்தது, நீச்சல்குளத்துக்குப் பக்கத்தில். மணவறைக்குப் பின்னால் யாரும் குதித்துவிடக் கூடாதே என்று அப்பா குளத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார். நாயனமும் தவிலும் டல்லாஸிலிருந்து வந்தன. வாசித்த இரண்டு பேருமே சாஃப்ட்வேர் பிள்ளைகள், வெள்ளிக்கிழமை வேலை முடித்துக் காரில் நேராக வந்தார்கள். வாழைமரம் ஹூஸ்டனிலிருந்து ஒரு அங்கிளின் டிரக்கில் வந்தது. ரவிக்கை தைத்த ஆன்ட்டி, "கல்யாணப் பொண்ணு அளவு எங்கே?" என்று கேட்டபோது உன் ராணுவச் சட்டை ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் டேப்பையே எடுத்தார்.

சேகர் மாமா நியூ ஜெர்சி பார்சிப்பனியிலிருந்து ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட்டான். மாமாவைப் பற்றி ஒன்று உனக்கு நினைவிருக்கும். நீ காலேஜில் ராணுவப் பயிற்சியில் சேர்கிறேன் என்றபோது நானும் அப்பாவும் இரண்டு நாள் உன்னோடு பேசவே இல்லை. மாமாதான் நியூ ஜெர்சியிலிருந்து விமானம் பிடித்து வந்து, "மச்சான், இந்த நாடு நமக்கு சோறு போட்டுச்சு. புள்ள ஆசப்படறா, வுடுங்க" என்று அப்பாவைச் சம்மதிக்க வைத்தான். அமெரிக்கக் கொடி பறக்காத மாமா வீட்டை நான் பார்த்ததில்லை. அதனால் பயந்துபோய், கல்யாணம் முடிகிறவரை இந்த வீட்டில் யாரும் போர் என்ற வார்த்தையையே எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். டிவி ரிமோட்டைக்கூட ஒளித்து வைத்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா ஹென்ரிக்கும் அம்மா கிர்ஸ்டனும் சில சொந்தக்காரர்களோடு வந்து இறங்கினார்கள். ஹென்ரிக் ஓய்வு பெற்ற சார்ஜென்ட், ஆறடிக்கு மேல் உயரம், வலது முழங்கால் மடங்காது. சம்பந்தியோடு எப்படிப் பேசுவது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்போதே அவரும் மாமாவும் வாசலில் வாழைமரம் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் பிடிக்க ஒருவர் கட்ட, ஒரே சிரிப்பு. சாயங்காலத்துக்குள் மாட்ஸுக்கு மாதேசு என்று பெயரே வைத்துவிட்டான் மாமா. "மாதேஸ்வரன் எங்கூர்ப் பக்கத்து சாமிங்க" என்று சம்பந்திக்கு இங்கிலீஷில் விளக்கம் வேறு. அவரும், தன் மகன் ஒரு கடவுள் என்று தனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை என்றார்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டில்தான் எல்லாம் கெட்டது. எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நீ இரண்டு கையிலும் முழங்கைவரை மருதாணி வைத்துக்கொண்டு, கிர்ஸ்டன் ஊட்டிவிட இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். முதலில் மாப்பிள்ளையின் ஃபோன் அதிர்ந்தது, பிறகு ஹென்ரிக்குடையது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா தன் ஃபோனை எடுத்துப் பார்த்தான். நான் ரிமோட்டை ஒளித்து வைத்து என்ன பயன்? செய்தி எல்லோர் சட்டைப்பையிலும் இருந்தது.

"டென்மார்க் வராதாமா, அக்கா. படை அனுப்ப மாட்டோம்னு சொல்லிப்போட்டாங்க."

"சேகரு, சாப்பிடற எடத்துல அது வேண்டாம்" என்றேன்.

"இரு. ஒரே ஒரு கேள்வி" என்று சம்பந்தி பக்கம் திரும்பினான். அவர்கள் பேசியது ஆங்கிலம். என் காதில் விழுந்ததை என் தமிழில் எழுதுகிறேன். "ஹென்ரிக், கூட்டாளி என்றால் கூட வர வேண்டாமா? சண்டை இல்லாதபோது கைகுலுக்குவீர்கள், சண்டை வந்தால் கதவைச் சாத்திக்கொள்வீர்களா?"

ஹென்ரிக் ஸ்பூனைக் கீழே வைத்தார். "போன முறை கூப்பிட்டீர்கள், வந்தோம். என் முழங்கால் அந்தப் போரில்தான் போனது. என்னோடு வந்த சிலர் திரும்பவே இல்லை. அப்போது ஏன் என்று நான் கேட்கவில்லை. இந்த முறை எங்கள் நாடு கேட்கிறது."

"கேட்பதற்கு இதுவா நேரம்?"

"போவதற்கு முன்னால்தானே கேட்க முடியும்?"

மாமாவின் முகம் சிவந்துவிட்டது. அவன் இங்கிலீஷும் ஓடிப்போய்விட்டது. "நீங்க கேட்டுட்டே உக்காந்திருங்க! என்ற மருமவ போறா! நீங்கெல்லாம் வராட்டி அவளுக்கு ஆருங்க தொணை?"

அது தமிழ். ஹென்ரிக்குக்குப் புரியவில்லை. யாரும் மொழிபெயர்க்கவும் இல்லை. அவர், தன்னைத் திட்டுகிறான் என்று நினைத்திருக்க வேண்டும். "சேகர், நீங்கள் எந்தப் படையில் இருந்தீர்கள்?" என்று கேட்டார். கம்ப்யூட்டருக்கு முன்னால் இருபத்தைந்து வருஷம் உட்கார்ந்த மனுஷனிடம் கேட்கிற கேள்வியா அது? மாமா எழுந்தான். "இந்தக் கல்யாணத்துக்கு மாமன் எதுக்கு? அவுங்களே நெத்திப் பட்டமும் கட்டிக்கிட்டும்" என்று கார் சாவியை எடுத்துக்கொண்டு ஹோட்டலுக்குப் போய்விட்டான். நீ மருதாணிக் கையை இரண்டு பக்கமும் நீட்டியபடி, "மாமா, நில்லுங்க! ப்ளீஸ்!" என்று வாசல்வரை ஓடினாய். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் அழுதேன். நீ அழவில்லை. என்னிடம் வந்து, "அம்மா, நீ பேசாதீங்கன்னு சொன்னதாலதான் இப்படி வெடிச்சுது. எங்க ஆபீஸ்ல டெய்லி ஃபைட் பண்ணுவோம். அதனாலயே யாரும் டோர ஸ்லாம் பண்ணிட்டு போக மாட்டாங்க" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. மூன்று வாரமாக ஓடுகிற அம்மாவுக்கு இதுவா பேச்சு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நீ தூங்கப் போனபின் மாப்பிள்ளை என்னோடு பாத்திரம் துலக்க வந்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. இட்லித் தட்டைக் கழுவியபடியே, உன்னை முதன்முதலில் எப்போது பிடித்தது என்று சொன்னார். பெரிய அதிகாரிகள் நிறைந்த ஒரு கூட்டமாம். எந்தக் கூட்டம், என்ன விஷயம் என்று அவர் சொல்லவில்லை, சொல்லவும் கூடாதாம். எல்லோரும் முடியும் என்ற பதிலுக்காகக் காத்திருந்தபோது நீ எழுந்து, கூட்டாளிகள் இல்லாமல் இதை இந்தக் காலத்துக்குள் செய்ய முடியாது, சார் என்றாயாம். மறுபடி கணக்குப் போட்டு வா என்றார்களாம். நீ மறுபடி போட்டுவந்து அதே பதிலைச் சொன்னாயாம். "அவள் நாட்டின்மேல் பிரியம் இல்லாதவளாக இருந்தால், அவர்கள் கேட்க விரும்பியதையே சொல்லியிருப்பாள்" என்றார் மாட்ஸ். கயல், என் கையிலிருந்த தட்டு நழுவித் தொட்டியில் விழுந்தது. மார்க் வாங்கினாய், மெடல் வாங்கினாய், அப்போதெல்லாம் சந்தோஷப்பட்டேன். ஆனால் ஈரக் கையோடு அன்று நான் நின்றதுபோல் ஒருநாளும் நின்றதில்லை.

நானும் கேட்டேன்: "உங்க நாடு வேண்டாம்னு சொன்னது சரியா, மாப்பிள்ளை?" கொஞ்சமும் தயங்காமல், சரிதான் என்றார். பிறகு குழாயை மூடிவிட்டு, "ஆனால் அவள் போனால் அவள் பக்கத்தில் நான் இருக்க மாட்டேன். அது எனக்குச் சரியாக இல்லை" என்றார். துலக்கின தட்டையே மறுபடி துலக்கிக்கொண்டிருந்தார்.

விடிந்தும் விடியாமலும் நான் பட்டுப்புடவையைச் சுற்றிக்கொண்டு, தலைகூடச் சரியாகப் பின்னாமல், காரை எடுத்துக்கொண்டு ஹோட்டலுக்குப் போனேன். காலில் விழுந்தாவது தம்பியைக் கூட்டிவருவது என்று முடிவு. வெளியூர்க்காரர்கள் எல்லோருக்கும் ஒரே ஹோட்டலில்தான் அறை போட்டிருந்தோம், இல்லையா? அந்த நினைப்பு சுத்தமாக எனக்கு இல்லை. உள்ளே நுழைந்தால் காலைச் சாப்பாட்டு அறையில், டெக்ஸாஸ் வடிவத்தில் வாஃபிள் சுடுகிற அந்த இயந்திரத்துக்கு முன்னால் மாமா. மாவை ஊற்றி மூடிவிட்டான், திருப்பத் தெரியவில்லை. அது பீப் பீப் என்று கத்துகிறது. பின்னாலிருந்து ஒரு நீளக் கை வந்து பிடியைத் திருப்பியது. ஹென்ரிக்.

இரண்டு பேரும் ஒரே மேஜையில் போய் உட்கார்ந்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஒட்டுக்கேட்டது தப்புதான், போகட்டும்.

ஹென்ரிக்தான் முதலில் பேசினார். "என் முழங்கால் சிதறியபோது அமெரிக்க ஹெலிகாப்டர் ஒன்று வந்தது. குண்டு பாய்ந்துகொண்டிருந்த இடத்தில் இறங்கினார்கள். என்னைத் தூக்கியவன் டெக்ஸாஸ்காரன். அவர்கள் வராவிட்டால் மாட்ஸ் அப்பா இல்லாமல் வளர்ந்திருப்பான். அவர்கள் வீணாக ரத்தம் சிந்தப் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றினால், நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாமா?"

மாமா வாஃபிளைப் பிய்த்தபடி, "அந்த ஹெலிகாப்டர்காரர் இறங்குவதற்கு முன்னால் போகலாமா வேண்டாமா என்று யோசித்தாரா?" என்று கேட்டான்.

ஹென்ரிக் காபியைத் தள்ளி வைத்தார். "இல்லை" என்றார். "அது நல்ல கேள்வி."

மாமா அவரை நிமிர்ந்து பார்த்தான். "அவளை ராணுவத்தில் சேரச் சொன்னதே நான்தான், ஹென்ரிக். என் அக்காவும் மச்சானும் வேண்டாம் என்றார்கள். நான்தான் பேசிச் சம்மதிக்க வைத்தேன். அவளுக்கு ஒன்று ஆனால் அக்கா முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? அவளோடு எத்தனை பேர் போகிறார்களோ அத்தனை நல்லது. எனக்கு அது ஒன்றுதான் கணக்கு."

அப்போது ஹென்ரிக் சொன்னதை நான் மறக்க மாட்டேன். "என் மகன் போகவில்லை என்று ராத்திரி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்று முதல் அவளும் எனக்கு மகள் என்று நினைவு வந்ததும் வெட்கமாக இருந்தது. உங்களிடம் நேற்றுக் கேட்ட அந்தக் கேள்விக்கு மன்னித்துவிடுங்கள்."

மாமா தலையாட்டினான். பிறகு, "ஆனால் நீங்கள் சொல்வது தப்பு என்றுதான் இன்னும் நினைக்கிறேன்" என்றான்.

"நீங்கள் சொல்வதும் தப்புதான்" என்றார் சம்பந்தி. சர்க்கரைப் பாகு பாட்டிலை மாமா அவர் பக்கம் நகர்த்தினான்.

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "அடப் பாவிகளா, அங்க முகூர்த்தம் போயிட்டிருக்குது, நீங்க இங்க உக்காந்து டெக்ஸாஸத் திங்கறீங்களா!" என்று தூணுக்குப் பின்னாலிருந்து கத்தினேன். அறையிலிருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஃப்ரீவேயில் பறந்தேன். வழியெல்லாம் இருவரும் வாதாடிக்கொண்டே வந்தார்கள். ஐ.நா. சபை பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது. நான் தடுக்கவில்லை.

மற்றது உனக்குத் தெரியும். ஆனால் நீ தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாய், நான் பார்த்ததை நீ பார்த்திருக்க மாட்டாய். மாமா உன் நெற்றியில் பட்டம் கட்டும்போது அவனுக்கு முடிச்சு விழவே இல்லை. ஹென்ரிக் பின்னாலிருந்து குனிந்து நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மாமன்தான் கட்ட வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது என்று ஐயர் சொல்ல வாயெடுத்தவர், இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார். மாப்பிள்ளை தாலி கட்டியபோது நாயனக்காரப் பிள்ளை எழுந்து நின்று ஊதினான். நீச்சல்குளத்துப் பக்கம் விளையாட வந்த குழந்தைகள் எல்லாம் கயிற்றுக்கு வெளியே நின்று கைதட்டினார்கள். நானும் கைதட்டினேன். பெண்ணைப் பெற்றவள் கைதட்டக் கூடாது என்று ஏதும் சாஸ்திரம் இருந்தால் இருக்கட்டும்.

பந்தியில் நடந்ததைச் சொன்னால் இப்போதும் சிரிப்பு வருகிறது. டென்மார்க்கில் விருந்தாளிகள் கிளாஸைத் தட்டினால் மணமக்கள் முத்தம் கொடுத்துக்கொள்ள வேண்டுமாமே? சம்பந்தி வீட்டார் எல்லோரும் ஸ்பூனால் டம்ளரைத் தட்டுகிறார்கள், பரிமாறுகிற பிள்ளைகள் பாயசம்தான் கேட்கிறார்கள் என்று வாளியோடு ஓடி ஓடி ஊற்றுகிறார்கள். தட்டத் தட்டப் பாயசம். கடைசியில் நீங்கள் முத்தம் கொடுத்தபோது சம்பந்தி வீட்டார் டம்ளர் எல்லாம் நிரம்பி வழிந்தது.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மாப்பிள்ளை முதலில் போய்விட்டார். நீ செக்யூரிட்டி வரிசையில் நின்றபடி, "அம்மா, எல்லாரும் சொன்னாங்க. மாமா, மாட்ஸ், மாமனார். நீ மட்டும் சொல்லல. வார் வேணுமா வேண்டாமா, நீ என்ன நினைக்கற?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? "தண்ணி பாட்டில் பையில இருந்தா வெளிய எடுத்துடு, புடுங்கிக்குவாங்க" என்றேன். நீ சிரித்துவிட்டுப் போய்விட்டாய்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தச் சிரிப்பு என்னைக் குடைகிறது. பேசாமல் இருந்தால் வீடு அமைதியாக இருக்கும் என்று மூன்று வாரம் நம்பினேன். வாய்விட்டுச் சண்டை போட்டவர்கள்தான் காலையில் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். வாயை மூடிய நான்தான் தூணுக்குப் பின்னால் நின்றேன். நீயும் மாப்பிள்ளையும் இனி ஆளுக்கொரு நாட்டின் உத்தரவில் இருப்பீர்கள். உங்கள் நாடுகள் ஒத்துப்போகாத நாட்களும் வரும். அப்போதெல்லாம் அவர் மனம் புண்படுமே என்று எதையும் விழுங்காதே. அவரையும் விழுங்க விடாதே. முன்பு மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து எப்படிச் சண்டை போட்டீர்களோ, அப்படியே போடுங்கள்.

இனி நீ கேட்டதற்குப் பதில். வேண்டாம், கயல். இந்தப் போர் வேண்டாம் என்றுதான் நான் நினைக்கிறேன். நீ என் மகள் என்பதால் மட்டும் அல்ல, அந்தப் பக்கத்திலும் மூன்று வாரத்தில் கல்யாணத்தை முடித்துவிட யாரோ ஒரு அம்மா ஓடிக்கொண்டிருப்பாள் என்பதாலும்தான். உத்தரவு வந்தால் நீ போவாய், எனக்குத் தெரியும். நான் குறுக்கே படுக்க மாட்டேன். ஆனால் சரி என்று சொல்லி அனுப்பவும் மாட்டேன். இதைப் படித்துவிட்டு நீ கூப்பிடும்போது சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் இதைப் பேசுவோம். நான் சொல்வது தப்பு என்றால் சொல், கத்து, உன் இங்கிலீஷில் வேகவேகமாகத் திட்டு. நான் ஃபோனை வைக்க மாட்டேன்.

அம்மா